ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர்: மாட்டலாமா, எதை, எப்படி?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பச்சி வாங்கிய ஏழு சீட் டீசல் வண்டி, ஆட்டோமேட்டிக், எட்டு வருஷம் ஆகிறது, 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மே மாதம் ஆறு பேரும் சாமானுமாகக் கொடைக்கானல் ஏறும்போது, பெருமாள்மலைக்குக் கொஞ்சம் முன்னால் கியர்பாக்ஸ் ஆயில் சூடு விளக்கு எரிந்துவிட்டது. ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்றுவிட்டு ஏறியிருக்கிறார்கள். வெளியே தனியாக ஒரு ஆயில் கூலர் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். கடையில் இரண்டு விதம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது, ரேடியேட்டருக்குள் போகும் லைனை விட்டுவிடலாமா, மாட்டும்போது எதைக் கவனிப்பது? இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூலர் நல்ல கியர்பாக்ஸைக் காப்பாற்றும், கெட்டுப்போனதைச் சரிசெய்யாது. காரைக்குடியில் என் பட்டறைக்கு 'கூலர் மாட்டியும் கியர் விழவில்லை' என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல், கூலர் மாட்டுவதற்கு முன்பே உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகிப்போயிருந்தன. அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் இல்லையென்றால், அடியிலுள்ள ட்ரெயின் பிளக்கைத் திறந்து கால் டம்ளர் பிடித்து வெள்ளைத் துணியில் விடச் சொல்லுங்கள். சிவப்பாகவோ கொஞ்சம் மங்கிய பழுப்பாகவோ இருந்தால் பயமில்லை. கருத்து, கருகிய வாடை வந்து, துணியில் மினுமினுவென்று உலோகத் தூள் நின்றால் கூலர் பேச்சை நிறுத்திவிட்டுக் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். ரோஸ்மில்க் மாதிரி வெளுத்துக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன என்று அர்த்தம். அப்படியானால் வண்டியை இன்னொரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

இரண்டாவது, அளந்து பாருங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழேயுள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் ஸ்கேனர் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. போனில் கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு நேராகத் தெரியும். சில வண்டிகளில் சாதா ஆப் அதைக் காட்டாது, அந்தக் கம்பெனி வண்டிக்கென்று உள்ள ஆப் வேண்டும். தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வந்து திரும்பும்போது எவ்வளவு, நல்ல வெயிலில் ஏசி போட்டுக் கடைத்தெரு நெரிசலில் எவ்வளவு, மலையில் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். பொதுவாக 80 முதல் 95 டிகிரி வரை இயல்பு. மலையில் கொஞ்ச நேரம் 105, 110 தொட்டு இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். 120 தாண்டினால் நிறுத்த வேண்டும். 90 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. அளக்காமல் மாட்டினால், மாட்டிய பிறகு அது வேலை செய்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரியாது.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்ற முடிவுகளெல்லாம் சுலபம். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அதற்குள் எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலை வீசுகிறது, அந்த ஆயில் மோதி எதிர்ப்பக்க விசிறி சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது நடுவில் தொலையும் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவிலிருந்து நிறைந்த வண்டி எழும்பும்போது எஞ்சின் 40 கிலோவாட் கொடுக்கிறது, அதில் 15 சதவீதம் நழுவுகிறது என்று வையுங்கள். 6 கிலோவாட். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றை முழு வேகத்தில் வைத்து அந்த ஏழெட்டு லிட்டர் ஆயிலைக் காய்ச்சுவதற்குச் சமம். நேர்ச்சாலையில் வேகம் எடுத்ததும் உள்ளே லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், நழுவல் நின்றுவிடும். அதனால்தான் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று மூன்று மணி நேரம் வெயிலில் ஓடியும் எரியாத விளக்கு, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் எரிந்தது.

ஓட்டுகிற விதத்திலேயே இதில் ஒரு பங்கு குறைக்கலாம், காசு செலவில்லை. மலையில் டி-யிலேயே விடாமல் மேனுவல் பக்கம் தள்ளி, இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ எஞ்சின் சுற்று 2000-க்குக் குறையாமல் ஏற்றுங்கள். கன்வர்ட்டர் நழுவுவது குறையும். விளக்கு எரிந்தால் ஓரம் கட்டியதும் எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு இது. பார்க்கிங்கில் போட்டு, ஏசியை அணைத்து, எஞ்சினை 1000, 1200 சுற்றில் ஐந்து பத்து நிமிடம் ஓட விடுங்கள். கியர்பாக்ஸ் பம்ப் எஞ்சினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, சூடு இருந்த இடத்திலேயே தங்கிவிடும்.

இப்போது ரேடியேட்டர். உங்கள் மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாய்க் கூலர் இருக்கும். கியர்பாக்ஸ் ஆயில் அதற்குள் போய், சுற்றியுள்ள கூலன்ட்டுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். கூலன்ட்டே 95 டிகிரியில் நின்றால் ஆயில் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. ஆகவே உங்களுக்குக் கியர்பாக்ஸ் சூடாகத் தெரிவது சில சமயம் ரேடியேட்டர் நோயாகவே இருக்கும். நம் பக்கத்தில் இதற்கு இரண்டு காரணம் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, செம்மண் புழுதி. ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அது படிந்து, ஒரு மழைத் தண்ணீர் பட்டு, பூசினது மாதிரி இறுகிவிடும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். மற்றொன்று, போர் தண்ணீர். ரேடியேட்டரில் கொஞ்சம் குறைகிறது என்று பட்டறை வாளியிலிருந்து ஊற்றிவிடுகிறார்கள். உப்பு உள்ளே படிந்து குழாய்கள் அடைக்கும், அந்த உள் கூலரும் அரிக்கும். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழுகிற மழைத் தண்ணீரை அண்டா வைத்துப் பிடித்துப் பத்திரப்படுத்திய ஊர் நம் ஊர். வண்டிக்கு மட்டும் ஏன் உப்புத் தண்ணீர்? கலந்து விற்கும் கூலன்ட்டையே ஊற்றுங்கள். கன்டென்சரைத் தளர்த்தி இடுக்கைக் கழுவி, கூலன்ட் மாற்றி, அதே ரோட்டில் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். என்னிடம் வந்த சில வண்டிகளுக்கு அத்தோடு வேலை முடிந்து, கூலர் வாங்காமலேயே அனுப்பியிருக்கிறேன்.

கழுவியும் மலையில் 115, 120 தொட்டால் கூலர் அவசியம்தான். வாரண்டி மிச்சமிருக்கும் வண்டி என்றால் கம்பெனியில் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். உங்களுக்கு எட்டு வருஷம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இருக்காது. ஏ.எம்.டி. வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு இந்த வேலையே இல்லை. அதில் இருப்பது சாதா கியர்பாக்ஸும் உலர் கிளட்ச்சும்தான்.

கடையில் காட்டிய இரண்டில், ஒரே நீளக் குழாயை மடித்து மடித்துத் தகடு கோத்தது குழாய் வகை. விலை குறைவு, அடைப்பு அவ்வளவாக வராது. ஆனால் குழாயின் ஓரத்தில் ஓடும் ஆயில் குளிர்ந்துவிடும், நடுவில் ஓடுவது சூட்டோடு போய்விடும். மற்றது அடுக்குத் தட்டு வகை. ஆயில் பத்துப் பதினைந்து மெல்லிய அடுக்காகப் பிரிந்து ஓடுவதால் அதே அளவில் நிறையச் சூட்டை இறக்கும், பம்புக்கும் அழுத்தம் அதிகமாகாது. உங்கள் வண்டிக்கு நான் அடுக்குத் தட்டைத்தான் சொல்வேன். அதில் ஒரு குறை உண்டு: அடுக்குகளுக்குள் துகள் போய்ச் சிக்கினால் கழுவி எடுக்க முடியாது. அதனால் எந்தக் காரணத்துக்காகவும் பழைய கூலரை, இன்னொரு வண்டியில் கழற்றியதை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த வண்டியின் கியர்பாக்ஸ் எதனால் போனதோ அந்தத் தூள் முழுவதும் அதற்குள் இருக்கும்.

அளவு? பெட்டியில் எவ்வளவு எடையுள்ள வண்டிக்கு என்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் பவுண்டில். ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து உங்கள் வண்டி 2,500 கிலோ வரும். அது சுமார் 5,500 பவுண்டு. அதற்கு ஒரு படி மேலே உள்ளதை எடுங்கள். ஏறக்குறைய 11 அங்குல அகலம், 7 அல்லது 8 அங்குல உயரம் இருக்கும். அதற்கும் பெரியதாக எடுத்தால் ஏசி கன்டென்சரை மறைத்து, மே மாதத்தில் ஏசி குளிரவில்லை என்று வீட்டில் ஆச்சி கேட்பார்கள்.

ரேடியேட்டர் லைனை விட்டுவிடலாமா என்பதற்கு என் பதில்: ரேடியேட்டர் நல்ல நிலையில் இருந்தால் விடாதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள், அங்கிருந்து வெளிக் கூலருக்குள், அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு. வரிசை மாறவே கூடாது. வெளிக் கூலரில் 80-க்கு இறக்கிய ஆயிலை மறுபடி 95 டிகிரி ரேடியேட்டருக்குள் விட்டால் செய்த வேலை வீண். ரேடியேட்டர் இன்னொரு நல்லதும் செய்கிறது. கொடைக்கானலில் மார்கழிக் காலையில் வண்டி எடுக்கும்போது குளிர்ந்த ஆயிலைச் சூடேற்றுவதும் அதுதான். ஆயில் சூடேறாவிட்டால் லாக்-அப் பிடிக்கத் தாமதமாகும், கியரும் முரட்டுத்தனமாக மாறும். ரேடியேட்டர் பத்து வருஷம் போர் தண்ணீர் குடித்தது, மாற்றப் பணமில்லை என்றால் மட்டும், அதைக் கழித்துவிட்டு, ஆயில் சூடேறிய பிறகே கூலருக்குள் விடும் ஒரு தெர்மோஸ்டாட் வால்வோடு பெரிய கூலரை மட்டும் வைக்கலாம். தண்ணீரும் ஆயிலும் கலக்கும் ஆபத்து அதில் அறவே இல்லை. சில வண்டிகளில் லைனே வெளியில் வராமல், கியர்பாக்ஸ் மேலேயே ஒரு பெட்டி மாதிரி கூலர் ஒட்டியிருக்கும். அதற்கு அந்த மாடலுக்கென்று செய்த அடாப்டர் தட்டு கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காமல் பட்டறையில் ஓட்டை போட்டு ஏதாவது செய்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடம் பம்பருக்குப் பின்னால், கன்டென்சருக்கு முன்னால். நம் ஊர் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லை வாசல் வரை நேராகத் தெரியும். காற்று நுழைந்தால் வெளியே போக வழி இருக்கும், அதனால் வீடு குளிர்ந்திருக்கும். கூலருக்கும் அதே நியாயம்தான். கிரில் வழியே வரும் காற்று அதற்குள் புகுந்து கன்டென்சர், ரேடியேட்டர், விசிறி என்று பின்னால் போய்விட வேண்டும். நம்பர் பிளேட்டுக்கு நேர் பின்னாலோ, பம்பர் மூடியிருக்கும் இடத்திலோ வைத்தால் காற்று வராது. கன்டென்சரைத் தொடாமல் ஒரு விரற்கடை, 12 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். கன்டென்சர் தகடுக்குள்ளேயே பிளாஸ்டிக் டேக் குத்தி இறுக்கும் முறை ஒன்று பெட்டியோடு வரும். அதைப் பயன்படுத்தாதீர்கள். அதிர்வில் உராய்ந்து, ஒரு வருஷத்தில் ஏசி கேஸ் போய்விடும். இரண்டு இரும்புப் பட்டையை வளைத்துப் பிராக்கெட் செய்து, ரப்பர் வாஷர் போட்டு, வண்டியின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட வேண்டும். கூலரின் இரண்டு வாயும் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழே பார்த்து வைத்தால் உள்ளே காற்று தங்கும்.

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணத்தின் பின்னால் சாமான் வண்டியாகப் போகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நடை வேகத்தில் போகும்போது எஞ்சின் அதிகம் உழைப்பதில்லை, ஆயிலில் புதிதாக இறங்கும் சூடும் குறைவு. ஆனால் எதிர்க்காற்று இல்லாததால் கூலர் முழுக்க ரேடியேட்டர் விசிறியை நம்பித்தான் இருக்கிறது. அந்த மாதிரி நாள்கணக்காக ஊரும் வண்டிக்கு, கூலருக்கென்று தனி மின்விசிறியும் 80, 85 டிகிரியில் அதை ஓட வைக்கும் சுவிட்சும் சேர்த்துப் போடுவது நல்லது.

ஹோஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பட்டிருக்கிறேன். பதினைந்து வருஷம் முன்னால் ஒரு கல்யாண வீட்டு வண்டிக்கு இதே வேலை. மறுநாள் வெளியூர் போகவேண்டும் என்று அவசரம். ஆயில் ஹோஸ் கையில் இல்லை. அளவு சரியாக இருந்ததால் ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டேன். வண்டி மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. பிறகு நத்தம் பக்கத்தில் அந்த ஹோஸ் ஊதி, கிளிப்பிலிருந்து நழுவி, இரண்டே நிமிடத்தில் ஆயில் மொத்தமும் ரோட்டில். ஓட்டுநர் நிறுத்துவதற்குள் கியர்பாக்ஸ் கருகிவிட்டது. அந்தக் கியர்பாக்ஸை என் செலவில் செய்து கொடுத்தேன். தண்ணீர் ஹோஸ் செய்யும் ரப்பர் வேறு ஜாதி. கூலன்ட்டுக்குப் பல வருஷம் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, களிமண்ணாகிவிடும். சாதா பெட்ரோல் ஹோஸ் எண்ணெய் தாங்கும், ஆனால் இந்தச் சூடு தாங்காது. ஹோஸின் மேலேயே கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்கானது என்று அச்சடித்திருக்க வேண்டும், எஸ்.ஏ.இ. ஜே1532 என்பது அதற்கான தர எண். அந்த எழுத்து இல்லாத ஹோஸை உங்கள் கண் முன்னால் மாட்ட விடாதீர்கள்.

வெட்டும்போது பிளேடால் நேராக வெட்ட வேண்டும். ஆக்சா பிளேடால் அறுத்தால் ரப்பர்த் தூள் உள்ளே போய் வால்வில் உட்காரும். குழாய் முனையில் வளையம் போல ஒரு புடைப்பு இருக்கும். ஹோஸை அதைத் தாண்டி ஓர் அங்குலம் ஏற்றி, கிளிப்பைப் புடைப்புக்குப் பின்னால் இறுக்குங்கள். புடைப்பு இல்லாத வெட்டுக் குழாயில் ஹோஸ் நிற்காது, முதலில் அதை ஃபிளேர் செய்ய, அதாவது முனையை விரித்துவிட, வேண்டும். பட்டையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் சாதா கிளிப் ரப்பரை அறுக்கும்; உள்பக்கம் வழவழப்பாக உள்ள இன்ஜெக்‌ஷன் கிளிப் போடுங்கள். சைலன்சர் குழாயிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத வழியில் கொண்டுபோங்கள். தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட், அதாவது ஓட்டையில் பொருந்தும் ரப்பர் வளையம், போடுங்கள். எஞ்சின் ஆடும், அதனால் ஹோஸை நாண் மாதிரி இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

இரண்டு லைனில் எது போகிற லைன், எது திரும்புகிற லைன் என்று யூகிக்கக் கூடாது. வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டையும் பாருங்கள். அதிகச் சூடாக இருப்பது கியர்பாக்ஸிலிருந்து வருவது, குறைந்தது திரும்புவது. உங்களுக்கு வெட்ட வேண்டியது திரும்புகிற லைன். சந்தேகம் தீர, ஆயில் கொஞ்சம் ஆறியதும் அதைக் கழற்றி ரேடியேட்டர் பக்கத்து முனையை அளவுக் குறி போட்ட பாட்டிலில் விட்டு, ஒருவர் எஞ்சினைப் பத்து விநாடி மட்டும் ஓட்டட்டும். ஆயில் அந்த முனையில்தான் வர வேண்டும். பொதுவாக 300 மில்லிக்குக் குறையாமல் வரும். சொட்டுச் சொட்டாக வந்தால் ரேடியேட்டர் உள் கூலரில் அடைப்பு. உங்கள் சூட்டுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், அதோடு புதுக் கூலரைச் சேர்த்தால் ஒன்றும் மாறாது.

மாட்டுவதற்கு முன் புதுக் கூலரில் ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் எந்த ஆயில் பெயர் இருக்கிறதோ அதுவேதான். 'எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஆகும்' என்பதை நான் ஊற்றுவதில்லை. கூலரும் ஹோஸும் சேர்ந்து 300, 400 மில்லி கூடுதலாகப் பிடிக்கும். கீழே பிடித்தது எவ்வளவு என்று அளந்து வைத்து அதையும் சேருங்கள். 1,10,000 ஓடிய வண்டி என்பதால் இதே சமயத்தில் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுவது நல்லது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து, பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் சில விநாடி வைத்து லீவரை நகர்த்துங்கள்.

அளவு பார்ப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில், குறிப்பிட்ட சூட்டில், எஞ்சின் ஓடும்போது, அளவு பிளக்கைத் திறந்து ஆயில் மெல்லிய நூலாக வழிந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பல மாடல்களுக்கு அது 35 முதல் 45 டிகிரிக்குள். உங்களுடையதற்குக் கையேட்டைப் பாருங்கள். நம் ஊர் மே மாத மதியத்தில் நிழலில் நிற்கும் வண்டியே 38, 39-ல் இருக்கும், பத்து நிமிடம் ஓடினால் தாண்டிவிடும். அதனால் இந்த வேலையை விடியற்காலையில் வையுங்கள். வண்டி நாலு சக்கரத்திலும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்தைக் கதவுப்படியில் நீளவாட்டிலும் தரையில் குறுக்குவாட்டிலும் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு அளவு பார்த்தால் தப்பாகத்தான் வரும். குறைந்தால் கிளட்ச் நழுவும், கூடினால் ஆயில் நுரைத்துச் சூடு இன்னும் ஏறும்.

முடிந்ததும் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் ஒரு சொட்டுச் சிவப்புகூட இருக்கக் கூடாது. 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கிளிப்புகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை. வெயில் காலம் தொடங்குமுன் வருஷத்துக்கு ஒருமுறை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைத்த தண்ணீரால் தகடுகளைக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்தால் தகடு மடங்கிக் காற்று வழி அடைந்துவிடும்.

அடுத்த தடவை மலைக்குப் போகும்போது முன்பு குறித்த அதே அளவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆட்கள், அதே சாமான், ஸ்கேனர் ஓடிக்கொண்டிருக்கட்டும். சரியாக மாட்டியிருந்தால் பெருமாள்மலைப் பக்கம் முன்பைவிட 15, 20 டிகிரியாவது குறைந்து தெரிய வேண்டும். குறையவில்லையென்றால் காற்று வழியை முதலில் பாருங்கள், அடுத்தது ஆயில் ஓட்டம். ஏறுவதற்கு முன் வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்துவீர்கள். அப்போது போன் விளக்கைப் போட்டு, குனிந்து, நான்கு ஹோஸ் முனைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.